எத்தனைக்குப் போச்சு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
என் வீட்டை ஏலம் விட்டார்கள்.
என் வீடு என்றால்
ஒன்பது வருடமாக வாடகை கொடுக்கிற வீடு.
பேச்சில் ‘என்’ என்று வந்துவிடுகிறது.
ஒப்பந்தத்தில் அந்தச் சொல் கிடையாது.

மெல்பர்னின் வடக்கே, டிராம் திரும்பிவிடுகிற இடத்துக்கும் அப்பால்
மரப்பலகைச் சுவர், தகரக் கூரை.
வாசலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள்.
படம் பிடிக்க வந்த அன்றே
என் சோபாவைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு
யாருடையதோ ஒரு வெள்ளை சோபாவைப் போட்டிருந்தார்கள்.
மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை.
பின்னால் மரம் வளைந்து காய்த்திருக்க,
கடையில் வாங்கி வந்த எலுமிச்சை.

“வீடு பார்க்க வரும்போது நீங்கள் இல்லாவிட்டால் நல்லது” என்றான் ஏஜென்ட்.
மூன்று சனிக்கிழமை சலவைக்கடையில் உட்கார்ந்து
துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.
நான்காவது சனிக்கிழமை போகவில்லை.
நைட் ஷிஃப்ட் முடித்த சீருடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
எதிர்ச்சாரியில், நாயோடு நின்ற ஒருவர் பக்கத்தில்
நானும் கூட்டமானேன்.

ஏலக்காரனுக்கு நல்ல குரல்.
“வடக்குப் பார்த்த சமையலறை, வெயில் கொட்டும்” என்றான்.
நிஜம்தான்.
ஏழரைக்குக் கொட்டி
எட்டேகாலுக்குப் பக்கத்து அடுக்குமாடியின் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.
குளியலறைக் குழாயை இடப்பக்கம் கொஞ்சம் ஏமாற்றி
அப்புறம் வலப்பக்கம் திருப்பினால்தான் வெந்நீர்.
ஆகஸ்ட் மழைக்கு ஹாலில் எங்கே வாளி வைப்பது,
அலமாரிக்குப் பின்னால் அந்த விரிசல்
வருடத்துக்கு எத்தனை விரற்கடை வளர்கிறது,
எல்லாம் தெரியும்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
இல்லை, பொய்.
கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விலை சொல்லியிருப்பேன்.

ஏழு லட்சத்து எண்பதாயிரத்தில் தொடங்கியது.
பத்துப் பத்தாக ஏறி,
மூச்சு வாங்கி ஐந்தைந்தாக,
பிறகு ஆயிரம் ஆயிரமாக.
எனக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி.
அவன் கோட்டுப்பைக்குள் அவள் கை.
உள்ளே விரல்கள் பிசைந்துகொள்வது
துணிக்கு வெளியே தெரிந்தது.
எட்டு லட்சத்துத் தொண்ணூறில் கையைத் தூக்கினான்.
தொண்ணூற்றாறில் தூக்கினான்.
ஒன்பதில்
அவள் தன் கையை வெளியே எடுத்துவிட்டாள்.

காதில் போனை வைத்திருந்த ஒரு மனிதர்
யாருக்காகவோ தலையசைத்துக்கொண்டே இருந்தார்.
தூங்குமூஞ்சி.
பணம் மட்டும் விழித்திருந்தது.

ஒரு தரம்.
கூரையில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது.
ரெண்டு தரம்.
பின்கட்டுக் கொடியில் என் காலுறைகள்.
எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள்.
மூணு தரம்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
பழக்கதோஷம், நானும் தட்டினேன்.

கூட்டம் கலைகையில் அந்தப் பெண் திரும்பினாள்.
மூக்கு சிவந்திருந்தது. என் மகள் வயசுதான் இருக்கும்.
“எங்களுக்கு இது பதினோராவது” என்றாள். “உங்களுக்கு?”
கொஞ்சம் யோசித்து
“முதல்” என்றேன்.
“பழகிவிடும்” என்று என் தோளைத் தொட்டுவிட்டு
காரை நோக்கி நடந்தாள்.

வேலிக்கு மேல் ஸ்டமாத்திஸின் தலை எழுந்தது.
“ஸ்லாத்தா, எத்தனைக்குப் போச்சு?”
ஒன்பது லட்சத்து நாற்பத்தோராயிரம்.
விசிலடித்தார்.
அப்படியே திரும்பித் தன் வீட்டை
மேலிருந்து கீழே பார்த்தார்,
பெண் பார்க்க வந்த வீட்டார் பார்ப்பதுபோல.
முப்பது வருடமாக அவர் இருக்கிற வீடு.

மதியம் வெள்ளை சோபாவை எடுக்க இரண்டு பேர் வந்தார்கள்.
கதவைப் பிடித்துக்கொண்டேன்.
“பார்த்து, அந்த இரண்டாவது படி ஆடும்.”
ஆடியது.

கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.
எலுமிச்சையை மட்டும் மேஜைமேல் உருட்டிவிட்டுப் போனார்கள்.
ஒன்றை அறுத்து டீயில் பிழிந்தேன்.
தோல்தான் கனம்.
சாறு ரெண்டு சொட்டு.